'சயோனிக்ஸ்' என்பதற்கு 'உளத்திறல்': மந்திரத்தோடு சேர்ப்பதா, தனியே வைப்பதா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதைப்பாத்திரமாகக் கற்பனைக் கதையை ஆடும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு நாம் எழுதிவரும் தமிழ் விதிக்குறிப்பில், மனத்தின் ஆற்றலால் மட்டும் செயல்புரிவதைக் குறிக்கும் 'சயோனிக்ஸ்' என்பதை 'மனமந்திரம்' என்று பெயர்க்கலாம் என நண்பர் ஒருவர் முன்வைத்தார். சொல் அழகானதுதான். ஆனால் மனத்தின் ஆற்றல் மந்திரத்தின் ஒரு கிளையா, அதற்குப் பக்கத்தில் நிற்கும் வேறொன்றா என்ற கேள்விக்கு அது நம்மைக் கேளாமலே விடை சொல்லிவிடுகிறது.

ஆங்கிலச் சொல், 'சை' என்ற கிரேக்க எழுத்தோடு 'எலெக்ட்ரோனிக்ஸ்' என்பதன் வாலை ஒட்டி, 1950களின் அறிவியல் புனைகதை இதழ்களில் பரவியது. 1976இல் 'எல்ட்ரிட்ச் விசர்ட்ரி' என்ற துணைநூல் வழியாக ஆட்டத்துக்குள் வந்த இதற்கு, வாளும் டிராகனும் உலவும் உலகில் இடமில்லை என்ற முறைப்பாடு இன்றும் ஓயவில்லை. தமிழில் அந்த முறைப்பாட்டுக்கு வேரே இல்லை. தொல்காப்பியம் மந்திரத்தை 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி' என்கிறது. மொழி இல்லையேல் மந்திரம் இல்லை. வாய் திறவாமல் எண்ணத்தால் மட்டும் நிகழ்வது வேறு என்பதை நம் மொழியே முன்னமே பிரித்து வைத்திருக்கிறது.

கடந்த ஞாயிறு கொக்குவிலில் எங்கள் மேசையில் எதிரிப் பூசாரி 'வாய்க்கட்டு' இட்டான்; ஒலியை அடக்கும் மந்திரத்துக்கு நாங்கள் வைத்த ஊர்ப்பெயர் அது. மந்திரவாதி வாயடைத்து நின்றான். பக்கத்திலிருந்த மாணவி தன் பாத்திரத்தாளில் விரலை வைத்தபடி, "அண்ணை, என்ர ஆள் ஒண்டும் சொல்லிறேல்லையே, நினைக்கிறது மட்டும்தானே. அப்ப எனக்கு இந்தக் கட்டு பிடிக்குமோ?" என்று கேட்டாள். பிடிக்காது என்றேன். 'மனமந்திரம்' என்று அந்தத் தாளில் எழுதியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'உளவாற்றல்' என்றால் கண் அதை ஒற்றர் வேலையாகவே வாசிக்கும். 'உளவலி' மனநோவாகிவிடும். 'மனோசக்தி' விளம்பரங்களில் தேய்ந்துபோனது. மிக நெருங்கி வருவது 'சித்தி'. ஆயினும் அட்டமா சித்திகளில் அணிமாவும் இலகிமாவும் உடலைப் பற்றியவை, மேலும் யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமிகளின் படத்துக்கு இன்றும் விளக்கேற்றும் வீடுகள் உள்ள ஊரில் இருந்துகொண்டு, அச்சொல்லைப் புள்ளிகள் செலவிட்டுப் பயன்படுத்தும் ஆட்டப்பொருளாக்க என் மனம் ஒப்பவில்லை. ஒலிபெயர்த்தால் போதும் என்போர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி கிறீன் வைத்தியரின் 1875ஆம் ஆண்டு இரசாயன நூலை நினைக்க வேண்டும். அவர் உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் 'கெமிஸ்ட்ரி' என்பதை ஒலிபெயர்த்து அவர் இட்ட 'கெமிஸ்தம்' நிலைக்கவில்லை, நம் பிள்ளைகள் படிப்பது இரசாயனவியல்.

ஆகவே 'உளத்திறல்' என்று முன்மொழிகிறேன். கையாள்பவர் உளத்திறலர்; செலவிடுவது திறற்புள்ளி.

ஒரு சிக்கல் உண்டு. சயோனிக்ஸுக்கென 2004இல் வந்த விரிவுபடுத்திய விதிநூலில், மந்திரத்தை முறிப்பது உளத்திறலையும் முறிக்கும் என்பதே பொதுவிதி, வேறாகக் கொள்வது விருப்பவிதி. பொதுவிதிப்படி ஆடுவோருக்கு 'மந்திரமுறிப்பு' என்ற நம் சொல் பொருந்தாது. இரண்டையும் அடக்கும் பொதுச்சொல்லாக 'வித்தை' என்பதைக் கொண்டு, 'வித்தைமுறிப்பு' என்று மாற்றலாமா? அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு முன் தங்கள் கருத்தை எழுதினால் தாள்களைத் திருத்திவிடுவேன்.