நானே எழுதிய டிராஃபிக் ஷேப்பர்: பகலில் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் பிங் 450. அவசரம்

பல்லடம்_பையன் | மாலை 4:52
வணக்கம். வீட்டு நெட்டுக்கு நானே ஒரு ஷேப்பர் (எந்தப் பாக்கெட் எப்போது, என்ன வேகத்தில் போகலாம் என்று முறைப்படுத்தும் புரோகிராம்) எழுதி ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறேன். பகலில் யார் என்ன அப்லோடு செய்தாலும் பிங் (ஒரு பாக்கெட் போய்வரும் நேரம்) 20-ஐத் தாண்டுவதில்லை. சாயங்காலம் ஆனால் 450 மில்லிசெகண்டுக்குப் போகிறது, வீடியோ காலில் எல்லாரும் உறைந்து நிற்கிறார்கள். சிபியு சும்மாதான் இருக்கிறது. டோக்கன் பக்கெட் லாஜிக்கை (நேரத்துக்கு ஏற்ப டோக்கன் சேரும், இருக்கும் டோக்கன் அளவுக்கே பாக்கெட் போகும்) திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், தப்பு தெரியவில்லை. கோடில் எங்கே பார்க்க வேண்டும்? ஏழு மணிக்கு பையரோடு (வாங்குபவர்) வீடியோ கால் இருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.

கரூர்_கேமர் | மாலை 4:58
வைஃபையா, வயரா? 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் எந்த ஷேப்பர் போட்டும் பயனில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் உயிர்பெறும். 5-க்கு மாற்றுங்க, வேலை முடிந்தது.

பவானி_கர்னல் | மாலை 5:03
இது ஜிஆர்ஓ. எழுதித் தருகிறேன். வரும் பாக்கெட்டுகளைக் கர்னல் 64 கேபி வரை ஒரே கட்டாக ஒட்டிவிடும். உங்கள் பக்கெட் அதை ஒரு பாக்கெட் என்று நினைத்து விட்டுவிடும். 10 எம்பிபிஎஸ் அப்லோடு என்று வைத்தால் அந்த ஒரு கட்டு வெளியே போய்ச் சேரவே 52 மில்லிசெகண்ட் ஆகும். அதன் பின்னால் நிற்கும் வாய்ஸ் பாக்கெட் என்ன செய்யும்? ஈத்டூல் கட்டளையில் ஜிஆர்ஓவையும், போகும் பாக்கெட்டுகளை அதேபோல் கட்டாக வைக்கும் ஜிஎஸ்ஓ, டிஎஸ்ஓவையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

நொய்யல்கரை | மாலை 5:09
தம்பி, என்ன லைன், டவுன் எவ்வளவு, அப் எவ்வளவு? ஷேப்பரில் எவ்வளவுக்குக் கட்டியிருக்கிறீர்கள்? பை எங்கே உட்கார்ந்திருக்கிறது, ரவுட்டருக்கு முன்னாலா பின்னாலா? 450 என்பது எங்கிருந்து எங்கே பிங் அடித்தபோது? இது எதையும் சொல்லாமல் கோடில் தப்பு எங்கே என்றால் நாங்கள் என்னத்தைச் சொல்வது?

சரவணம்பட்டி_நைட்ஷிஃப்ட் | மாலை 5:12
முதல் கேள்வி: ஏன் எழுதினீர்கள்? வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்கியூ-கோடல் 2012-லேயே லினக்ஸ் கர்னலுக்குள் வந்துவிட்டது. அதோடு வேகத்தையும் கட்டும் கேக் 2018-ல் 4.19 கர்னலோடு வந்தது. ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர் மென்பொருளில் இதற்கு எஸ்கியூஎம் என்று ஒரு பக்கமே இருக்கிறது, இரண்டு எண்ணை நிரப்பினால் போதும். வரிசை மேலாண்மை என்றால் என்ன என்று எஃப்கியூ-கோடலை விவரிக்கும் ஆர்எஃப்சி 8290 ஆவணத்தை ஒருமுறையாவது படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. வாரம் ஒருவர் இப்படிக் கிளம்பி வருகிறார்.

பல்லடம்_பையன் | மாலை 5:17
ஃபைபர்தாங்க, கேபிள்காரர் கொடுத்தது. 40 டவுன், 10 அப். ஷேப்பரில் அப்லோடு 9. சி-யில் எழுதியது, என்எஃப்கியூ (கர்னல் பாக்கெட்டை நம் புரோகிராமிடம் கொடுக்கும் வழி) வழியாகப் பாக்கெட்டை எடுத்து, போர்ட் பார்த்து மூன்று வகுப்பாகப் பிரித்து, டோக்கன் இருந்தால் விடுகிறேன். கால் எடுப்பது வயரில். ஜிஆர்ஓ அணைத்தேன், எந்த மாற்றமும் இல்லை.

கற்றுக்கொள்ளத்தான் எழுதினேன் அண்ணா. கேக்கை டவுன்லோடு செய்து போடத் தெரியாமல் இல்லை.

பவானி_கர்னல் | மாலை 5:21
என்எஃப்கியூ என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். அதில் ஜிஎஸ்ஓ கொடியை நீங்களாகப் போடாவிட்டால் கர்னலே கட்டைப் பிரித்துத்தான் மேலே அனுப்பும். கொடி போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் நான் சொன்னது சரி.

பல்லடம்_பையன் | மாலை 5:24
போடவில்லை.

பவானி_கர்னல் | மாலை 5:25
அப்படியானால் டைமர். டோக்கனை எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நிரப்புகிறீர்கள்?

ஈரோட்டு_மஞ்சள் | மாலை 5:26
பொறுங்க பொறுங்க. 10-க்குக் காசு கட்டிவிட்டு எதற்காக 9-க்குக் கட்டிப்போட வேண்டும்? மாதா மாதம் ஒரு எம்பி சும்மா போகிறதே. மண்டியில் மூட்டைக்குப் பத்து கிலோ குறைத்து எடைபோட்டால் வாங்கிக்கொண்டு வருவோமா?

நொய்யல்கரை | மாலை 5:31
ஈரோட்டுக்காரரே, காரணம் இருக்கிறதுங்க. வரிசை எப்போதும் குறுகலான இடத்தில்தான் சேரும். நீங்கள் 10-க்கே விட்டால் குறுகலான இடம் கேபிள்காரரின் பெட்டிக்குள் இருக்கும், வரிசையும் அங்கேதான். அந்தப் பெட்டியில் எது முதலில் போக வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியாது. 9-க்குக் கட்டினால் குறுகலான இடம் உங்கள் பைக்குள் வந்துவிடும், வரிசை உங்கள் கைக்கு வரும். ஒரு எம்பியைக் கொடுத்து அந்த அதிகாரத்தை வாங்குகிறோம், அவ்வளவுதான்.

ஈரோட்டு_மஞ்சள் | மாலை 5:34
அதெல்லாம் சரி. கேபிள்காரன் அவன் பெட்டியைச் சரியாக வைத்தால் நான் எதற்கு ஒரு எம்பியைத் தானம் செய்கிறேன்?

சரவணம்பட்டி_நைட்ஷிஃப்ட் | மாலை 5:36
ஸ்பீட் டெஸ்ட் எண்ணைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்களுக்குத் தாமதம் என்றால் என்னவென்று புரியவைப்பது கடினம். இணைய வல்லுநர் ஜிம் கெட்டிஸ் 2010-ல் தன் வீட்டு லைனை வைத்தே, பெட்டிக்குள் வரிசை நீண்டு தாமதம் ஏறுவதைக் கண்டுபிடித்து, பஃபர்ப்ளோட் என்று பெயரும் வைத்துவிட்டார். இன்னும் இங்கே எம்பி கணக்கு.

ஈரோட்டு_மஞ்சள் | மாலை 5:38
உங்களுக்குக் கம்பெனி நெட் பில் கட்டுகிறது, பேசுவீர்கள். நான் என் கையிலிருந்து கட்டுகிறேன்.

ஆனைமலை_வாசி | மாலை 5:40
சண்டையை விடுங்க. சாயங்காலம் மட்டும் என்றாரே, அதுதான் துப்பு. இது பான் நெரிசல், அதாவது பல வீட்டுக்கும் பொதுவான ஃபைபரில் கூட்டம். ஜிபான் வகை ஃபைபரில் ஒரே இழையை 32 அல்லது 64 வீடு பங்குபோடும். மேலே போவதற்கு மொத்தம் 1.24 ஜிபிபிஎஸ், கீழே வருவதற்கு 2.48. தெருவில் எல்லாரும் தறியை நிறுத்திவிட்டு வந்து கிரிக்கெட் போட்டால் இப்படித்தான். எழுதிய புரோகிராம் பாவம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை, தென்னந்தோப்பு வழியாக வரும் கேபிளை அணில் கடிக்கிறது. அதற்கு எந்த ஷேப்பரும் இல்லை.

கரூர்_கேமர் | மாலை 5:42
அணிலா! எங்கள் தெருவில் மணல் லாரி. உயரமாக லோடு ஏற்றி வந்து வயரை இழுத்துக்கொண்டே போய்விடும்.

ஆனைமலை_வாசி | மாலை 5:43
லாரி என்றால் யாரையாவது பிடித்துக் கேட்கலாம்.

நொய்யல்கரை | மாலை 5:47
பான் நெரிசல் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். 64 வீடும் ஒன்றாக 10 எம்பி அனுப்பினாலும் 640 எம்பிதான், 1.24 ஜிபியில் பாதி. கேபிள்காரரின் மேல் லிங்க் நெரிசல் என்றால் ஒப்புக்கொள்வேன்.

தம்பி, ஒரு கணக்குப் போடுவோம். 10 எம்பிபிஎஸ்ஸில் 450 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் எங்கோ ஓர் இடத்தில் கிட்டத்தட்ட 560 கேபி வரிசையில் நிற்கிறது. உங்கள் புரோகிராமில் வரிசை அதிகபட்சம் எத்தனை பாக்கெட்?

பல்லடம்_பையன் | மாலை 5:51
மூன்று வகுப்புக்கும் சேர்த்து 64. அதைத் தாண்டினால் டிராப்.

நொய்யல்கரை | மாலை 5:55
நல்லது. 64 பாக்கெட், ஒவ்வொன்றும் 1500 பைட். உங்கள் 9 எம்பிபிஎஸ்ஸில் அது முழுதாக நிரம்பினாலும் வெளியே போக 85 மில்லிசெகண்ட். அதற்குமேல் உங்கள் பைக்குள் ஒரு பாக்கெட் காத்திருக்க இடமே இல்லை. மீதி 365 வேறு எங்கோ நிற்கிறது. கோடை மூடி வையுங்கள்.

இப்போதே தாமதம் இருக்கிறதா? இருந்தால் பையிலிருந்து இரண்டு பிங் அடியுங்கள்: ஒன்று கேபிள்காரர் சுவரில் மாட்டிய ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியும்) பெட்டிக்கு, இன்னொன்று அதற்கு அடுத்த ஹாப்புக்கு, அதாவது வழியில் அடுத்த ரவுட்டருக்கு.

பவானி_கர்னல் | மாலை 5:57
டைமரைச் சொல்லவே இல்லையே அவர். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நிரப்பினால் 9 எம்பியில் ஒரு தடவைக்கு 11 கேபி மொத்தமாகப் பாயும். அதுவும் ஒரு காரணம்தான்.

நொய்யல்கரை | மாலை 5:58
10 மில்லிசெகண்டுக்குக் காரணம். 450-க்கு அல்ல.

பல்லடம்_பையன் | மாலை 6:06
இப்போது ஆரம்பித்துவிட்டது. ஓஎன்டிக்கு 1. அடுத்த ஹாப்புக்கு 430.

ஆனைமலை_வாசி | மாலை 6:07
சொன்னேனா? வெளியேதான் பிரச்சினை. கேபிள்காரருக்குப் போன் போடுங்க.

சரவணம்பட்டி_நைட்ஷிஃப்ட் | மாலை 6:10
அல்லது 10 என்று விற்ற லைன் சாயங்காலம் 6-தான் தருகிறது. 9-க்குக் கட்டி என்ன பயன்? மாறுகிற லைனுக்கு கேக்-ஆட்டோரேட் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, தாமதத்தை அளந்து வேகத்தைத் தானே ஏற்றி இறக்கும். அதையும் அவர் ஒருவேளை சொந்தமாக எழுதுவார்.

நொய்யல்கரை | மாலை 6:14
இவர் சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடலாம். ஓஎன்டியின் பக்கத்துக்குள் போனால் வேன் (WAN, வெளி லைன்) கணக்கு இருக்கும், எத்தனை பைட் அனுப்பியது என்று. பத்து விநாடி இடைவெளியில் இரண்டு தடவை குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் பையின் வெளிப்பக்க கார்டிலும் குறியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் லைன்தான் சுருங்கியிருக்கிறது. ஓஎன்டி அதிகமாகக் காட்டினால், உங்கள் ஷேப்பரைத் தொடாமலேயே யாரோ வெளியே போகிறார்கள்.

பல்லடம்_பையன் | மாலை 6:29
பையில் 1.6 எம்பிபிஎஸ். ஓஎன்டியில் 9.8.

நொய்யல்கரை | மாலை 6:30
ஓஎன்டியில் பையைத் தவிர என்ன செருகியிருக்கிறது?

பல்லடம்_பையன் | மாலை 6:32
எதுவும் இல்லைங்க. டிவிஆர் மட்டும்.

கரூர்_கேமர் | மாலை 6:33
மட்டும்!

நொய்யல்கரை | மாலை 6:36
கேமரா டிவிஆரா? எத்தனை கேமரா? சாயங்காலம் அதை யார் பார்க்கிறார்கள்?

பல்லடம்_பையன் | மாலை 6:41
பக்கத்துத் தறி ஷெட்டில் எட்டு. அப்பா ஆறு மணிக்குச் சோமனூர் கிளம்பிவிடுவார், அங்கிருந்து போனில் எட்டையும் திறந்து வைத்துக்கொண்டு ஷிஃப்ட் மாறுவதைப் பார்ப்பார். கேமரா மாட்டியவர் பக்கத்தில் இருந்த ஓட்டையில் செருகிவிட்டுப் போனார்.

நொய்யல்கரை | மாலை 6:46
கிடைத்துவிட்டது. ஒரு கேமரா மெயின் ஸ்ட்ரீமில் 2 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் எட்டுக்கு 16. உங்களிடம் இருப்பதே 10. ஓஎன்டி தன் வயிறு நிறையச் சேர்த்து வைக்கிறது, உங்கள் கால் பாக்கெட்டுகள் பையிலிருந்து ஒழுங்காகக் கிளம்பி அதன் வாலில் போய் நிற்கின்றன. டிவிஆரைப் பைக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்சில் செருகுங்கள். அப்பா போனில் ஆப்பைத் திறந்து சப் ஸ்ட்ரீமுக்கு (தரம் குறைந்த, சின்னப் படம்) மாற்றச் சொல்லுங்கள், போன் திரைக்கு அது தாராளம். ஆப் க்ளவுட் வழியாகப் போனால் ஐபி மாறியதெல்லாம் அதற்குத் தெரியவராது. போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை டிவிஆருக்குத் திருப்பிவிடுவது) போட்டிருந்தால் மட்டும் பையிலும் ஒன்று போட வேண்டும்.

ஏழுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஓடுங்க.

ஈரோட்டு_மஞ்சள் | மாலை 6:49
ஆக, 9-க்குக் கட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் நானும் சொன்னேன்.

நொய்யல்கரை | மாலை 6:51
நீங்கள் சொன்னது அது இல்லைங்க.

பவானி_கர்னல் | மாலை 7:20
டிவிஆரை உள்ளே கொண்டுவந்ததும் வேறு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். போர்ட் பார்த்து வகுப்புப் பிரிக்கிறார். டிவிஆரின் க்ளவுட் வீடியோ ஏதோ ஒரு யுடிபி போர்ட்டில் போகும், வீடியோ காலும் யுடிபி. இரண்டும் ஒரே வகுப்பில் விழுந்தால் அப்பா கேமரா பார்க்கும்போது அந்த 64 பாக்கெட்டும் டிவிஆருடையதாகவே இருக்கும். கால் பாக்கெட் வாசலிலேயே டிராப்.

சரவணம்பட்டி_நைட்ஷிஃப்ட் | மாலை 7:31
அதனால்தான் உலகம் போர்ட் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டது. ஒவ்வொரு ஃப்ளோவுக்கும் (ஒரு கனெக்ஷனின் பாக்கெட் ஓட்டம்) தனி வரிசை, சுற்று முறையில் ஆளுக்குக் கொஞ்சம். எஃப்கியூ-கோடலில் இயல்பாகவே 1024 வரிசை. ஒவ்வொன்றிலும் பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்து, 100 மில்லிசெகண்ட் முழுவதும் 5-க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் டிராப் ஆரம்பிக்கும். வரிசையின் நீளம் அல்ல, காத்திருந்த நேரம்தான் அளவுகோல். நெட்வொர்க் ஆராய்ச்சியாளர்கள் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கொடுத்த யோசனை.

சொந்தமாகவே எழுதுவேன் என்று அடம்பிடித்தால் குறைந்தது இதை எழுதட்டும். வீட்டுக்கு என்றால் ஃப்ளோவுக்கு முன்னால் சோர்ஸ் ஐபிக்கு (அனுப்பும் கருவிக்கு) ஒரு பங்கு கொடுப்பது இன்னும் நல்லது. டிவிஆர் எட்டு கனெக்ஷன் திறந்தாலும் அது ஒரு ஆள் என்றுதான் கணக்கு. கேக் செய்வதும் அதுவே.

நொய்யல்கரை | மாலை 7:38
இதை முதல் பதிலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாமே.

சரவணம்பட்டி_நைட்ஷிஃப்ட் | மாலை 7:40
முதல் பதிலில் ஆர்எஃப்சி எண்ணோடுதான் சொன்னேன்.

பல்லடம்_பையன் | இரவு 9:48
மாற்றிச் செருகினேன். 28-க்குள் நிற்கிறது. அப்பா படம் மங்கலாக இருக்கிறது என்கிறார், பேசிக்கொள்கிறேன். நன்றி நொய்யல் அண்ணா. கோட் அப்புறம் போடுகிறேன்.

கரூர்_கேமர் | இரவு 9:55
கால் என்ன ஆயிற்று?

பவானி_கர்னல் | இரவு 10:12
28-ல் 10 அந்த டைமருடையது. 1 மில்லிசெகண்டுக்கு இறக்கி, கடைசியாக நிரப்பியதிலிருந்து உண்மையில் எவ்வளவு நேரம் போனது என்று பின்னால் போகாத மோனோடோனிக் கடிகாரத்தில் அளந்து அந்த அளவுக்கு மட்டும் டோக்கன் சேருங்கள். தூக்கம் முடிந்து எழுவது எப்போதும் கொஞ்சம் தாமதமாகும், அதை நம்பிக் கணக்குப் போட்டால் வேகமும் குறையும். கோட் போடும்போது அந்த ஃபங்ஷனை முதலில் போடுங்கள்.

ஈரோட்டு_மஞ்சள் | இரவு 10:20
9.5-க்குக் கட்டினால் ஆகாதா?

நொய்யல்கரை | இரவு 10:26
ஆகலாம். 9.5 வைத்து, அப்லோடு ஒன்றை ஓடவிட்டுப் பிங் பாருங்கள். ஏறவில்லை என்றால் அதுவே உங்கள் எண். ஏறினால் 0.1 குறைத்துக்கொண்டே வாருங்கள். சாயங்காலத்தில் செய்யுங்கள், காலையில் பார்த்த எண் உதவாது.