பாங்காக்கில் நான்கு இரவு: சதுசக் பக்கமா, சீலோமா?

வைகைக்கரை:
வெள்ளி காலை பாங்காக்கில் இறங்குகிறோம், செவ்வாய் இரவு திரும்புகிறோம். சதுசக் வாரச்சந்தை, தண்டவாளத்தின் மேலேயே நடக்கும் மேக்லாங் ரயில் சந்தை, பூச்சந்தை மூன்றையும் பார்க்க வேண்டும். கூட வரும் அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சுத்த சைவம். அறை எங்கே எடுக்கலாம்?

பெட்டிபடுக்கை:
சதுசக் பக்கம்தான். ஆரி, சபான் குவாய் இரண்டில் ஒன்று. சுவர்ணபூமியிலிருந்து விமான நிலைய ரயிலில் பயா தாய் வந்து பி.டி.எஸ். (நகரின் மேம்பால ரயில்) மாறினால் மூன்றாவது நிறுத்தம் ஆரி. சந்தையில் 27 பிரிவு, பதினைந்தாயிரம் கடைக்கு மேல். கடைகள் ஒழுங்காகத் திறக்கவே பத்து மணி ஆகும், பதினொன்றுக்கு மேல் உள்சந்துகளில் மூச்சு முட்டும். காலையில் ஒரு சுற்று, வாங்கியதை அறையில் வைத்துவிட்டு மூன்று மணிக்கு மறு சுற்று என்றால்தான் அம்மாவால் தாங்க முடியும். இன்னொன்று, பிடித்த கடை கண்ணில் பட்டால் அதன் பலகையில் இருக்கும் பிரிவு எண்ணையும் சந்து எண்ணையும் உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடி வந்தால் சத்தியமாகக் கிடைக்காது.

தண்டவாளம்:
முழுக்க மறுக்கிறேன். சதுசக் முழு அளவில் திறப்பது சனியும் ஞாயிறும்தான், புதன், வியாழனில் செடிக் கடைகள் மட்டும். ஒரு நாள் வேலைக்காக நான்கு இரவையும் வடக்கே அடகு வைப்பானேன்? நகர மையத்தில் இருக்கும் சீலோமில் எம்.ஆர்.டி. (சுரங்க ரயில்) நீலப் பாதையும் பி.டி.எஸ்.சும் சந்திக்கின்றன. நீலப் பாதையில் ஏறினால் மாறாமல் அரை மணியில் கம்பெங் பெட் நிலையம். அங்கே 2-ஆம் வாயிலில் ஏறி வந்தால் சதுசக் உள்ளேயே நிற்பீர்கள். பி.டி.எஸ். நிலையமான மோ சிட்டில் இறங்கி வெயிலில் நடக்கும் வேலையே இல்லை. அதே பாதையில் எதிர்த்திசையில் போனால் சீனச் சந்தைக்கு வாட் மங்கோன், இந்தியர் கடைகள் நிறைந்த பாஹுராத்துக்கு சாம் யோட், பூச்சந்தைக்கு சனம் சாய். பூச்சந்தை களைகட்டுவது விடியலுக்கு முன், அந்த நேரத்தில் ரயில் கிடையாது, வாடகைக் கார்தான். சீலோமிலிருந்து அது சின்ன தூரம், ஆரியிலிருந்து நகரையே குறுக்கே கடக்க வேண்டும்.

மேக்லாங்குக்கும் சீலோம்தான் வசதி. சீலோமின் பி.டி.எஸ். நிலையமான சாலா டேங்கில் ஏறினால் வொங்வியன் யாய் வரை ஒரே பி.டி.எஸ். அங்கிருந்து பழைய ரயில் நிலையத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. எட்டரை வாக்கில் கிளம்பும் வண்டியில் ஒரு மணி நேரத்தில் மகாச்சாய், படகில் தா சின் ஆற்றைக் கடந்து பான் லேமில் 10.10 வண்டி. 11.10-க்கு அந்த வண்டியே சந்தைக்குள் நுழையும், நீங்கள் உள்ளே உட்கார்ந்திருப்பீர்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் பத்து பாத்.

பெட்டிபடுக்கை:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 10.10 தவறினால் அடுத்தது 13.30. படகுத்துறையில் ஏறி இறங்கி, அக்கரையில் மறுபடி நடந்து, அறுபது தாண்டியவரை அவசரப்படுத்தலாமா? தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து வேனில் போனால் ஒன்றரை மணியில் சந்தை வாசல். தவிர, ரயிலுக்குள் இருந்தால் முக்கியமான காட்சியே போய்விடும். வண்டி வருமுன் கடைக்காரர்கள் பந்தல் துணியை மடக்குவதும், சக்கரத் தட்டுகளைப் பின்னால் இழுப்பதும், தாழ்வான காய்க் கூடைகளைத் தொடாமல் அப்படியே விடுவதும், பெட்டி அவற்றின் மேலேயே நகர்ந்து போவதும் கீழே நின்றால்தான் தெரியும்.

தண்டவாளம்:
அதற்கும் வழி உண்டு. 11.10-க்கு வரும் வண்டி 11.30-க்கே திரும்பக் கிளம்புகிறது. இறங்கியதும் சந்தைக்குள் நடந்தால் அதே வண்டியைக் கீழே நின்று பார்க்கலாம். வேன் போகும் இரண்டாம் ராமா சாலையில் பல வருடமாக மேம்பால வேலை, ஒன்றரை மணி எப்போது இரண்டரை ஆகும் என்று சொல்ல முடியாது. வார இறுதி என்றால் பிற்பகலில் அம்பாவா மிதவைச் சந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம், மேக்லாங்கிலிருந்து பகிர்வு வண்டியில் பக்கம்தான். ஞாயிறு மாலை எல்லாரும் பாங்காக் திரும்புவார்கள், ஆகவே சனி மேக்லாங், ஞாயிறு சதுசக்.

அடுப்படி:
இருவரும் அம்மாவின் சாப்பாட்டை விட்டுவிட்டீர்கள். சந்தை உணவில் மீன் சாறு கலக்காதது அபூர்வம். பப்பாளிக்காய் சாலட்டில்கூட மீன் சாறும் காய்ந்த இறாலும் போடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை ‘ஜே’ உணவுக் கடை. அங்கே மீன், முட்டை, பூண்டு எதுவும் இல்லை. பாஹுராத்தில் நம் ஊர்ச் சைவ உணவு கிடைக்கும். இந்தக் காரணத்துக்காகவே நான் சீலோம் பக்கம். அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது, அம்மாவுக்கு மாலை நேரத்துக்கு நல்ல இடம்.

சதுசக் போகும் நாளில் கம்பெங் பெட் 3-ஆம் வாயில் பக்கம் ஓர் தோர் கோர் சந்தையையும் பாருங்கள். விலை கூடுதல், ஆனால் பழம் முதல் தரம். நெடியடிக்கும் டுரியான் பழம் வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், எம்.ஆர்.டி.யிலும் பெரும்பாலான விடுதிகளிலும் அனுமதி இல்லை.

பெட்டிபடுக்கை:
சைவத்துக்காகச் சீலோம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வெயிலுக்கு என் பதில் மாறவில்லை: சீலோமில் தங்கினால் சதுசக்கைப் பத்திலிருந்து ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும், திரும்பிப் போய் மறுபடி வருவது நடக்காது. வெள்ளி விடிகாலையிலேயே இறங்கினாலும் அறை பெரும்பாலும் பிற்பகல் இரண்டுக்குத்தான் தருவார்கள். பெட்டிகளை வரவேற்பில் கொடுத்துவிட்டுக் காலையைப் பாஹுராத்தில் கழிக்கலாம்.

தண்டவாளம்:
சேர்த்து ஒன்று: எம்.ஆர்.டி. வாயிலில் வங்கி அட்டையை நேராகத் தட்டலாம். அதற்கு வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் வசதி இரண்டையும் கிளம்புமுன் வங்கிச் செயலியில் திறந்துவையுங்கள். பி.டி.எஸ்.சுக்குத் தனிச் சீட்டு. சந்தையில் ரொக்கம்தான் கை கொடுக்கும். ஏ.டி.எம். ஒவ்வொரு முறையும் இருநூறு பாத்துக்கு மேல் கட்டணம் பிடிக்கும், எனவே தேவையானதை ஒரே தடவையில் எடுங்கள். ரூபாயில் மாற்றித் தரட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.