புதுப்பிப்பு: குன்னூர் கடைக்கு ஃபைபர் லேண்ட்லைன், சரியாகிவிட்டது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பள்ளத்தை ஒட்டிய வர்க்கிக் கடை, உள்ளே மொபைல் சிக்னல் ஒரே கோடு, போனில் ஆர்டர் எடுக்க எந்த இணைப்பு நல்லது?

ஃபைபரோடு வரும் லேண்ட்லைனை எடுக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. பழைய போனை மோடத்தின் போன் துளையில் செருகியதும் டயல் டோன் வந்தது, எண்ணை அழுத்தினால் மட்டும் கால் போகவில்லை. போனுக்கு அடியில் இருந்த சின்ன சுவிட்ச் பல்ஸில் (பழைய சுழல் டயல் முறை) கிடந்தது. டோனுக்குத் தள்ளியதும் சரி.

பிறகு குரல் விட்டுவிட்டு வந்தது. மோடத்துக்கு ஃபைபரில் வந்து சேரும் ஒளி அளவு -29 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு). -27-க்குக் கீழே இறங்கினால் நம்ப முடியாது. ஜன்னல் சட்டத்தில் கேபிள் மடங்கி நசுங்கியிருந்தது. வளைவை உள்ளங்கை அகலத்துக்குத் தளர்த்தியதும் -21.

எதிர்பாராதது: கரண்ட் போனால் இந்த லேண்ட்லைனும் போய்விடும். பழைய செப்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் கொடுத்தது, ஃபைபரில் அது கிடையாது. மழைக்காலத்தில் மரம் சாயும் ஊரில் மினி யூபிஎஸ் இல்லாமல் இதை எடுக்கவே வேண்டாம். மோடம் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். இங்கே 12 வோல்ட், 1.5 ஆம்பியர்.

வைஃபை காலிங்கும் (மொபைல் கால் வைஃபை வழியாகப் போவது) ஓடுகிறது. மொபைல் அந்த ஒற்றைக் கோட்டையே பிடித்துத் தொங்கினால், ஏர்பிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யவும்.