புளியங்குடி எலுமிச்சையை ஜெர்மனிக்கு அனுப்பணும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். புளியங்குடிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் எலுமிச்சை. இதுவரை கமிஷன் கடையில் போட்டதோடு சரி. இப்போது ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் மதினியின் தம்பி, மாதிரிக்கு 200 கிலோ கேட்கிறார்.

அபீடாவில், அதாவது மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையத்தில், பதிவு முடிந்தது. அடுத்து பைட்டோ சர்டிபிகேட், அதாவது தாவர நலச் சான்றிதழ். ஐரோப்பாவுக்குப் போகிற பழத்தில் காம்பும் இலையும் இருக்கக் கூடாதாம். நம் ஊரில் காம்போடு இருந்தால்தான் புதுப்பழம் என்போம்! மரப்பெட்டி என்றால் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தி முத்திரை வேண்டும். அதனால் அட்டைப்பெட்டிதான்.

என் கவலையெல்லாம் சொறி நோய். மழைக்குப் பிறகு சில மரங்களில் புள்ளி தெரிகிறது. அந்த மரங்களை ஒதுக்கிவிட்டு மற்றதில் பறித்தால் சான்றிதழுக்கான ஆய்வில் ஏற்பார்களா, தோட்டம் முழுக்கவே கழிந்துவிடுமா? போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) அடித்தவர்கள் எத்தனை நாள் இடைவெளி விட்டுப் பறித்தீர்கள்?

விமானத்தில் அனுப்ப, ஆய்வைத் தூத்துக்குடியில் முடிப்பதா, திருவனந்தபுரத்திலா? போன வருடம் ஓர் ஏஜெண்டிடம் பணம் கொடுத்து ஏமாந்தோம். அதனால் நேரடியாகச் செய்தவர்கள் சொன்னால் பெரிய உதவி. அடுத்த பறிப்புக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.