புதுப்பிப்பு: கழுதை ஆட்டம் ஒருவழியாக ஓடுகிறது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பைத்தான் நிரல்மொழியில் கழுதை சீட்டாட்டம் எழுதுகிறேன், எல்லாம் ஒரே கிளாஸுக்குள் (ஒரு வகைப் பொருளின் தரவையும் செயல்களையும் சேர்த்து வைக்கும் நிரல் பகுதி) கிடக்கிறது, ‘ஆட்டக்காரர்’ கிளாஸை ‘சீட்டுக்கட்டு’ கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்யலாமா, அதாவது அதன் ஒரு வகையாகவே ஆக்கிவிடலாமா என்று. வேண்டாம் என்றீர்கள். சரிதான். ஆட்டக்காரரிடம் சீட்டு இருக்கிறது. அவரே சீட்டுக்கட்டு இல்லையே. பிரித்துவிட்டேன்.

ஆனால் என்னைப் படுத்தியது வேறு. நான்கு பேருக்கும் 13 சீட்டு போட்டால் ஒவ்வொருவர் கையிலும் 52 காட்டியது! கன்ஸ்ட்ரக்டரில் (புது ஆட்டக்காரரை உருவாக்கும் ஃபங்ஷன்) ‘கை’க்கு டீஃபால்ட்டாக, அதாவது எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ள, ஒரு வெற்று லிஸ்ட்டை வைத்திருந்தேன். பைத்தான் அதை ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒருமுறைதான் உருவாக்குமாம். நால்வரும் அதே லிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள்ளே ஒவ்வொருவருக்கும் புது லிஸ்ட் போட்டதும் தீர்ந்தது. இதற்கு இரண்டு ராத்திரி போச்சு.

அப்புறம் செல்லூரிலிருந்து மாமா வந்தார். திரையைப் பார்த்ததும், “ஏன்டா மாப்ள, ஏஸு எப்படா ரெண்டுக்குக் கீழ போச்சு?” என்றார். ‘சீட்டு’ கிளாஸிலேயே ஏஸுக்கு மதிப்பு 1 என்று எழுதியிருந்தேன். கழுதையில் ஏஸ்தான் பெரிது. முதலில் இறங்கிய இனம் (ஆட்டின், கிளாவர் மாதிரி) கையில் இல்லாமல் ஒருவர் வேறு இனத்தைப் போட்டு வெட்டு விழுந்தால், இறங்கிய இனத்தில் பெரிய சீட்டு போட்டவர்தான் எல்லாவற்றையும் அள்ள வேண்டும்; என் நிரலில் ஏஸ் போட்டவர் தப்பித்துக்கொண்டிருந்தார். இப்போது சீட்டுக்கு, தான் ஆட்டினா கிளாவரா என்பதும் தன் எண்ணும் மட்டும்தான் தெரியும். எது பெரிது என்பதை ‘விதிகள்’ கிளாஸ் சொல்லும். நாளைக்கு ரம்மி எழுதினாலும் சீட்டைத் தொட வேண்டாம்.

மாமா மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் கழுதையானார். கம்ப்யூட்டர் தன் சீட்டை எட்டிப் பார்க்கிறது என்கிறார்.