லாபிரிந்த் நடை: நம்ம குமரி மாவட்டத்துல யாராவது நடந்து பாத்திருக்கியளா?

நைட்டூட்டி_நாகர்கோவில்:
எல்லாருக்கும் வணக்கம். நான் நர்ஸ், மாசத்துல பாதி நாள் நைட் டூட்டி. ஆவணியில அப்பா தவறினதுலேருந்து மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, கண்ணை மூடி உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல வார்டு மானிட்டர் சத்தம் காதுல கேக்கும், எழும்பிருவேன். போன மாசம் தியானத்துக்கு போயிருந்தப்போ ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் பிரான்ஸ்ல சார்த்ர் பேராலயத்து தரையில கிடக்குற லாபிரிந்த்ங்கற வட்டப்பாதை படத்தை காட்டி, உக்கார முடியலன்னா நடந்து பாரு மோளேன்னு சொன்னாங்க. இதுல உண்மையிலே பலன் உண்டா? வழி தப்பிப் போனா இன்னும் டென்ஷன்தானே ஆகும்? நம்ம பக்கம் எங்க நடக்கலாம்?

கோலம்_தக்கலை:
தங்கச்சி, வழி தப்பவே தப்பாது, அதுதான் விஷயமே. புதிர்ப்பாதைன்னா முட்டுச்சந்து இருக்கும், யோசிக்கணும். லாபிரிந்த்ல ஒரே பாதை, எவ்வளவு வளைஞ்சாலும் நடுவுலதான் கொண்டு விடும், வந்த வழியே திரும்பிரலாம். சார்த்ர்ல இருக்கது 13-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல போட்டது, 11 சுத்து, 13 மீட்டர் அகலத்துக்குள்ள 260 மீட்டர் நடை. நமக்கு அவ்வளவு வேண்டாம், 7 சுத்து போதும். பொள்ளாச்சி பக்கம் கெடிமேட்டுல பழைய காலத்து 7 சுத்து ஒண்ணு சதுரமா கிடக்கு, அதனால இது நமக்கு அன்னியமும் இல்லை.

கோலம் போட தெரியும்லா? முதல்ல ஒரு கூட்டல் குறி, நாலு மூலையிலயும் வெளிய பாத்து விரிஞ்ச மாதிரி ஒவ்வொரு மடக்குக் கோடு, அதுக்கும் வெளிய நாலு புள்ளி. இப்போ புள்ளியையும் சேத்து மொத்தம் 16 முனை இருக்கும். கூட்டலோட மேல் முனையை வலது பக்கத்து அடுத்த முனையோட வளைச்சு சேருங்க, அப்புறம் இடது பக்கத்து அடுத்ததை வலது பக்கத்து அடுத்ததோட, இப்படியே ஒண்ணை ஒண்ணு மூடிக்கிட்டு 8 வளைவு போட்டா முடிஞ்சு. பாதை ஒண்ணரை அடி வச்சா கிட்டத்தட்ட 24 அடி இடம் வேணும்.

நடக்கும்போது ஒண்ணு கவனிங்க. வெளியிலேருந்து எண்ணினா, முதல் அடியிலயே மூணாவது சுத்துக்கு போயிருவீங்க, அங்கேருந்து ரெண்டு, அப்புறம் வெளிச்சுத்து, அப்புறம் நாலு, டக்குனு ஏழு. ஏழுல நடு கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும், ஆனா பாதை உங்களை மறுபடி ஆறு, அஞ்சுன்னு வெளிய இழுத்துட்டு போயிட்டுதான் நடுவுல விடும். எனக்கு அந்த ஏழுலதான் எப்பவும் கண்ணு கலங்கும், ஏன்னு கேட்டா சொல்ல தெரியல. வேகம் உங்க இஷ்டம், அழுகை வந்தா அழுங்க, மூச்சை எண்ண வேண்டாம்.

ஓட்டக்காரன்_களியல்:
அக்கா, இதுக்கு புதுசா ஏன் ஒண்ணு தேடணும்? சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் வாங்க, முஞ்சிறை திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல, கையில விசிறி, வாயில கோவிந்தா கோபாலா. பாதி வழியில மனசுன்னு ஒண்ணு இருக்கதே மறந்து போவும்.

கோலம்_தக்கலை:
தம்பி, ஓட்டம் பெரிய விஷயம், எங்க மாமா வருஷா வருஷம் போவாங்க. ஆனா அதுல கூட்டம் நம்மளை தூக்கிட்டு போவும், அடுத்த கோயில் அடுத்த கோயில்னு மனசு முன்னால ஓடும். துக்கத்துல இருக்கவங்களுக்கு தனியா, மெதுவா, எங்கயும் போய்ச் சேர வேண்டாத நடை வேணும்னு எனக்கு தோணுது. வருஷத்துல ஒரு நாள் இல்லை, டூட்டி முடிஞ்சு வந்து தினமும் நடக்குற மாதிரி.

கடல்காரன்_முட்டம்:
சொத்தவிளை கடற்கரை மணல்ல போடலாம்னு யாராவது சொல்லுறதுக்கு முன்னாடி நான் சொல்லிருதேன், கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கான்னு பாத்துட்டு போங்க. காத்து இருக்காது, வானம் தெளிஞ்சு கிடக்கும், அலை மட்டும் திடீர்னு ஏறி வரும். நீங்க தலையைக் குனிஞ்சு நடக்குறப்போ கடல் முதுகுப்பக்கம் இருக்கும், அது ஆபத்து. ஈரக்கோட்டுக்கு ரொம்ப மேல தள்ளி தென்னை மட்டையால கீறுங்க, தனியா போகாதீங்க. வீட்டு முற்றமே நல்லது.

நைட்டூட்டி_நாகர்கோவில்:
எல்லாருக்கும் நன்றி. கடலுக்கு போகல, தட்டட்டியில (மொட்டை மாடியில) கோலப்பொடியில போட்டேன், ரெண்டு தடவ தப்பாச்சு, மூணாவதுல வந்துட்டு. காலையில டூட்டி முடிஞ்சு வந்து செருப்பில்லாம நடந்தேன். முதல் நாள் வெளிச்சுத்துல போறப்போ என்ன பைத்தியக்காரத்தனம்னுதான் இருந்துச்சு. மூணாவது நாள் ஏழுல நின்னுட்டேன் அக்கா. ஆஸ்பத்திரியில அப்பா பெட்டு பக்கத்துல வந்துட்டு மறுபடி மருந்து வாங்க, ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கன்னு வெளிய ஓடுனது அப்படியே வந்துச்சு. அழுதேன். அப்புறம் ஆறு, அஞ்சு நடந்து நடுவுல உக்காந்தேன், எவ்வளவு நேரம்னு தெரியல, மானிட்டர் சத்தம் கேக்கல.

நேத்து மழையில எல்லாம் அழிஞ்சு போச்சு. கீழ முற்றத்துல ஓட்டுத்துண்டு பதிச்சு நிரந்தரமா போடலாம்னு இருக்கேன். அம்மாவும் நடக்கணும்னு சொல்லுதாங்க, முட்டுவலி உண்டு. ஒண்ணரை அடி பாதை போதுமா அக்கா?

கோலம்_தக்கலை:
அம்மாவுக்குன்னா ரெண்டு அடி வைங்க மோளே, திரும்புற இடத்துல கால் இடறாது. இடம் 32 அடி வேணும், இல்லன்னா மூணு சுத்தா குறைச்சிருங்க. நடுவுல அம்மா உக்கார ஒரு கல்லு போடுங்க.