[கலைச்சொல்] கேப்டன் அமெரிக்கா ‘ஹெயில் ஹைட்ரா’ என்றால் அதற்குத் தமிழில் என்ன பெயர்?

வியாழன் இரவு, திருச்சியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சிற்றிதழின் காமிக்ஸ் சிறப்பிதழுக்குக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டுரை முழுக்க ‘அவுட் ஆஃப் கேரக்டர்’ என்ற ஒரே தொடரைச் சுற்றித்தான். பல ஆண்டுகளாகப் பலர் எழுதிவந்த ஒரு சூப்பர் ஹீரோவைப் புதிதாக எழுத வருகிறவர், அந்த ஆள் செய்யவே மாட்டான் என்று வாசகர்கள் நம்பும் ஒன்றைச் செய்யவைத்துவிடுகிறார். அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

கட்டுரையாளர் எடுத்தவுடன் காட்டுவது 2016 மே மாதம் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: ஸ்டீவ் ராஜர்ஸ்’ முதல் இதழ், நிக் ஸ்பென்சர் எழுதியது. கேப்டனைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கர்பியும் யூதர்கள். 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டவர் கேப்டன். அவர் இந்த இதழில் தன் கூட்டாளியை விமானத்திலிருந்து தள்ளிவிட்டு, ஹைட்ராவுக்கு வாழ்க போடுகிறார். ஹைட்ரா என்பது மார்வெல் கதைகளில் உலகை அடக்கியாளத் துடிக்கும், நாஜிகளோடு தொடர்புடைய வில்லன் கூட்டம் என்று இங்கே பலருக்குத் தெரியும். வாசகர்கள் கொதித்துப்போனார்கள்.

‘பாத்திரத்தின் இயல்புக்கு மாறாக எழுதப்படுதல்’ என்று போட்டுப் பார்த்தேன். ஒருமுறை என்றால் சரி, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பெயராகவும் அடையாகவும் வரக்கூடிய சின்னச் சொல்லாக வேண்டும்.

வெள்ளி காலை, தஞ்சையிலிருந்து:

அன்பு மகளுக்கு,

முதலில் ‘பாத்திரத்தை’ அடுக்களைக்கு அனுப்பிவிடுங்கள். ‘கதைமாந்தர்’ இருக்கிறது. ‘குணம்’ வடசொல், ‘பண்பு’ இருக்கிறது. பண்பு என்றால் என்ன? கலித்தொகையே வரையறை சொல்லிவிட்டது: ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகல்’. பாடு என்பது ஒருவர் நடந்துகொள்ளும் முறைமை. கதைமாந்தரின் பாடறிந்து எழுதுவது எழுத்தாளரின் கடமை. அறியாமல் எழுதினால் அது ‘பாடறியா எழுத்து’. சுருக்கமாக வேண்டுமென்றால் ‘பாடழிவு’.

இன்னொரு வழியும் இருக்கிறது. ‘கேரக்டர்’ கிரேக்கச் சொல், மூலத்தில் ‘கரக்தேர்’. அச்சுக் குத்தும் கருவியையும் அது பதித்த தடத்தையும் குறித்தது. நம்மிடம் அதற்கு நேர்ச்சொல் ‘பொறி’. சோழனுக்குப் புலிப்பொறி, பாண்டியனுக்குக் கயல்பொறி. ஆகவே ‘பொறிபிறழ்ச்சி’. (அந்தக் கிரேக்கச் சொல்லே நம் ‘கீறு’ என்பதிலிருந்து போயிருக்குமோ என்று எனக்கு நெடுநாள் ஐயம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.)

வெள்ளி காலை, கோவையிலிருந்து:

ஐயா, பொறி என்றால் எங்க ஊரில் எஞ்சினீயரிங் காலேஜ்தானுங்க. எலி பிடிக்கிறதும் பொறி, அடுப்பிலிருந்து பறக்கிறதும் பொறி. பொறிபிறழ்ச்சி என்று படித்தால் மோட்டார் ரிப்பேர் என்றுதான் நினைப்பார்கள். ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று’ என்கிறது குறள். அங்கே பொறிக்கு விதி என்று பொருள் சொல்கிறார் பரிமேலழகர். ஒரு சொல்லின் மேல் எத்தனை மூட்டைதான் ஏற்றுவது? ‘பாடழிவு’ என்றால் யாரோ பாடுபட்டு அழிந்த மாதிரி இருக்கிறது. கீறு மடலைத் தனியாகவே அனுப்பிவிடுங்கள் ஐயா, ஆவலாக இருக்கிறேன்.

வெள்ளி மதியம், யாழ்ப்பாணத்திலிருந்து:

அக்கா, நாங்கள் பாடசாலையிலேயே ‘பாத்திர வார்ப்பு’ எண்டுதான் படிச்சனாங்கள். விமர்சனக் கட்டுரைகளிலையும் அதுதான் வழக்கம். அந்தச் சொல் இருக்கேக்க அதிலையிருந்தே ‘வார்ப்புப் பிழை’ எண்டு எடுக்கலாமே? ஒருத்தருக்கும் விளக்கம் தேவைப்படாது. பாத்திரம் வடசொல் எண்டு தள்ளினால் எங்கடை விமர்சன நூல்களில் பாதியைத் தள்ளவேண்டி வரும்.

வெள்ளி மதியம், கோவையிலிருந்து:

வார்ப்பு என்றதும் வாய் சும்மா இருக்காதுங்க, ஃபவுண்டரி ஊர். வார்ப்பில் குறை என்றால் உருக்கி ஊற்றும்போதே காற்றுக்குமிழ் அடைத்துக்கொண்டது என்று பொருள். இங்கே வார்ப்பில் ஒரு குறையும் இல்லை. 1941-ல் சைமனும் கர்பியும் சுத்தமாகத்தான் வார்த்தார்கள். எழுபத்தைந்து வருஷம் ஓடிய பிறகு லேத்தில் ஏற்றியவர் செய்த காரியம் இது. வார்ப்புப் பிழை என்றால் பழி தப்பான ஆளின் மேல் விழும்.

வெள்ளி மாலை, விருதுநகரிலிருந்து:

எல்லோரும் இலக்கியம் பேசும் இடத்தில் ஒரு வெறும் காமிக்ஸ் வாசகனின் குறுக்கீடு. நாங்கள் இதற்கு ‘ஆளே மாறிட்டான்’ என்போம். அதையே ‘ஆள்மாறாட்டம்’ ஆக்கினால் என்ன? அதே முகமூடி, அதே உடுப்பு, உள்ளே வேறு ஆள். சொல் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம். எந்த ஆளிலிருந்து மாறினான்? 1984-ல் சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது எங்களைக் கட்டிப்போட்ட ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, வேறு ஆள்), 1965-ல் பிரிட்டனில் அறிமுகமானபோது குற்றவாளிகளின் அரசனாக வேண்டும் என்று கிளம்பிய திருடன். டெட் கோவனுக்குப் பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனின் இணைப்படைப்பாளி அதே சீகல்தான். பிறகு ஸ்பைடர் குற்றவாளிகளோடு மோதும் ஆளாகிவிட்டான். இரும்புக்கை மாயாவியும் முதலில் கண்ணுக்குத் தெரியாத கொள்ளைக்காரன், உளவாளியானது பின்னால். இதையெல்லாம் நாங்கள் பிழை என்று சொன்னதே இல்லை, விசிலடித்தோம். பேட்மேனும் 1939-ல் துப்பாக்கி வைத்திருந்தவர்தான். கொல்லமாட்டேன் என்ற விதி அடுத்த ஆண்டு வாக்கில் ஆசிரியர் குழு போட்டது. இன்றைக்கு அவர் கையில் துப்பாக்கி கொடுத்தால் ‘இது பேட்மேனே இல்லை’ என்கிறோம்.

வெள்ளி இரவு, திருச்சியிலிருந்து:

அண்ணா, ஆள்மாறாட்டம் அருமையான சொல், ஆனால் இந்தக் கட்டுரையில் எடுபடாது. சூப்பர் ஹீரோ கதைகளில் நிஜமான ஆள்மாறாட்டமே நடக்கிறதே! 2008-ல் வந்த ‘சீக்ரெட் இன்வேஷன்’ முழுக்க ஸ்க்ரல்கள் என்ற உருமாறும் வேற்றுக்கிரகவாசிகள் ஹீரோக்களின் உருவத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் கதை. அதே பக்கத்தில் இரண்டு ஆள்மாறாட்டம் வந்தால் நானே குழம்பிவிடுவேன். தேர்வுக்கூட வழக்குச் செய்தி மாதிரி இருப்பது வேறு.

பேட்மேன் பற்றிக் கேட்டதைக் கட்டுரையாளரும் தொடுகிறார். வாசகர்கள் பிடித்துக்கொள்வது முதல் இதழை இல்லையாம், நிலைத்துவிட்ட வழக்கத்தைத்தானாம்.

சனி காலை, சென்னையிலிருந்து:

வழக்கம் என்ற சொல் வந்துவிட்டதால் இலக்கணத்துக்குப் போகலாம். நன்னூல் சொல்கிறது: ‘திணையே பாலிடம் பொழுது வினாவிறை / மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே’. கடைசியில் நிற்கும் மரபுவழுவைப் பாருங்கள். யானை மேய்ப்பவனை இடையன் என்பதும் ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்பதும் மரபுவழு. ஏன் பிழை? இயற்கைச் சட்டம் ஒன்றும் மீறப்படவில்லை. சொல்லிவந்த முறை மீறப்பட்டது, அவ்வளவுதான். கேப்டன் ஹைட்ராவை வாழ்த்துவதும் அதே கணக்கு. ஆகவே ‘குணவழு’.

இதில் இன்னொரு வசதி. வழு என்றால் அதைச் செய்தவன் பேசுகிறவன். ‘பிறழ்வு’ என்று போட்டால் கேப்டன் பிறழ்ந்தார் என்றாகும். அவர் காகிதம், பாவம். பழி எழுதியவர் மேல் விழவேண்டும்.

மூன்றாவது வசதிதான் எனக்குப் பிடித்தது. வழுவுக்குப் பக்கத்திலேயே வழுவமைதி இருக்கிறது: பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்வது. ஸ்பென்சரின் இரண்டாம் இதழ் அடுத்த மாதமே வந்தது. சிறுமி உருவில் இருக்கும் கோபிக் என்ற காஸ்மிக் க்யூப், அதாவது நினைத்தபடி உலகையே மாற்றக்கூடிய பொருள், கேப்டனின் கடந்த காலத்தையே மாற்றி எழுதிவிட்டதாக விளக்கம் சொன்னார்கள். கிரீன் லாண்டர்ன் என்ற விண்காவல் படையின் வீரர் ஹால் ஜோர்டன் கதையும் அப்படி. 1994-ல் கிரீன் லாண்டர்ன் 48 முதல் 50 வரையான மூன்று இதழ்களில் தன் படையையே அழித்தார், ரான் மார்ஸ் எழுதினார். பத்தாண்டு கழித்து ஜெஃப் ஜான்ஸ் வந்து, உள்ளே பேரலாக்ஸ் என்ற அச்சத்தின் உரு புகுந்துகொண்டிருந்தது என்றார். அச்சு அசல் வழுவமைதி.

சனி காலை, தஞ்சையிலிருந்து:

குணம் வடசொல் என்று மீண்டும் பதிவு செய்கிறேன். ‘பண்புவழு’ என்றால் ஒப்புவேன்.

ஆனால் தம்பி, வழுவமைதியைத் தொட்டவர் அடுத்த அடியையும் சொல்லவேண்டாமா? ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் / இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே’. மகிழ்ச்சியில் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழுவுகிறது, நன்னூலார் அதை ‘இயல்பே’ என்கிறார்! உணர்ச்சி மிகும்போது வழுவுவதே இயல்பு. அப்படியிருக்க, தன் நகரமே எரிந்து எழுபது லட்சம் பேர் மாண்டபின் அந்த ஜோர்டன் வெறிகொண்டால் அது வழுவா? பொறுமையே உருவான கண்ணகி மதுரையை எரித்தாளே, இளங்கோவடிகளும் பண்புவழுச் செய்தாரா?

சனி மதியம், விருதுநகரிலிருந்து:

ஐயா, கேட்டது நல்ல கேள்வி. ஆனால் கண்ணகி திடீரென்று எரிக்கவில்லையே. குளத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் வருவான் என்று தேவந்தி சொன்னபோது ‘பீடன்று’ என்று ஒரே சொல்லில் முடித்தவள் அவள். அந்த உறுதியை அங்கேயே பார்த்துவிட்டோம். ஜோர்டனுக்கு அப்படி ஒரு ‘பீடன்று’ இல்லை. 1993-ல் சூப்பர்மேன் கதை ஒன்றில் அவன் ஊரான கோஸ்ட் சிட்டி அழிகிறது, சில மாதங்களில் மூன்றே இதழில் முப்பது ஆண்டு நாயகன் கொலைகாரனாகிவிடுகிறான். துக்கம் இருக்கிறது, துக்கத்தைப் பார்க்க நேரம்தான் கொடுக்கவில்லை. எங்களுக்கு உறுத்தியது அவன் மாறியது இல்லை ஐயா, மாற்றிய வேகம்.

சனி மதியம், சென்னையிலிருந்து:

‘பீடன்று’ சொன்னவள் கண்ணகி என்பதற்காக அதையே எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஆக்கவேண்டாம். விதை போட்டிருந்தால் மாற்றம், போடாவிட்டால் வழு என்று வைத்துக்கொண்டால் வரையறை கிடைத்துவிடுகிறது. பண்புவழு, குணவழு இரண்டுமே எனக்குச் சம்மதம்.

சனி மதியம், யாழ்ப்பாணத்திலிருந்து:

இராமன் வாலியை மறைஞ்சு நிண்டு கொண்டதையும் இதிலை சேர்க்கலாமோ? வாலியே அதைத்தானே கேட்டவன்.

சனி மாலை, மட்டுறுத்துநர்:

வாலி, கண்ணகி இருவருக்கும் தனி இழை தொடங்கப்பட்டுள்ளது. கீறு–கரக்தேர் விவாதமும் அங்கேயே. இங்கே திங்கள்கிழமைக்கு ஒரு சொல் வேண்டும் என்பதை நினைவூட்டுகிறேன்.

ஞாயிறு காலை, சிங்கப்பூரிலிருந்து:

தாமதமாக வருகிறேன். மென்பொருள் தமிழாக்கம் செய்கிறவள் என்ற முறையில் ஓர் எதிர்ப்பு. ‘வழு’ எங்கள் துறையில் எப்போதோ குடியேறிவிட்டது. ‘பக்’ என்பதற்கு வழுதான் போடுகிறோம், வழுத்திருத்தம், வழு அறிக்கை என்று வரிசையாக இருக்கிறது. குணவழு என்று பார்க்கிற கணினிக்காரர்கள் சிரிப்பார்கள்.

வழு என்றால் பழி எழுதியவர் மேல் என்று சென்னை அண்ணா சொன்னதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. 1981-ல் அவெஞ்சர்ஸ் 213-ஆம் இதழில் அந்தக் குழுவின் நாயகர்களில் ஒருவரான ஹாங்க் பிம் தன் மனைவி ஜேனட்டை அறைகிறார். எழுதியவர் ஜிம் ஷூட்டர். கையை வீசும்போது தவறுதலாகப் பட்டதாகத்தான் தான் எழுதியதாகவும் ஓவியர் பாப் ஹால் அதை ஓங்கி அறைவதாக வரைந்துவிட்டதாகவும் ஷூட்டர் பின்னால் சொன்னார். அந்த ஒரு கட்டம் இன்றுவரை பிம்மை விடவில்லை. இது யாருடைய வழு? ‘பாடறியா எழுத்து’ என்றால் இன்னும் மோசம், எழுத்தில் இல்லாத குற்றம். ‘இயல்புப் பிறழ்வு’ யாரையும் சுட்டாது, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். என் வாக்கு அதற்கே.

ஞாயிறு மாலை, கோவையிலிருந்து:

வழுத்திருத்தம் என்று ஒன்று இருப்பது இன்னும் நல்லதுதானுங்களே அம்மணி. 1987-ல் ஊரறியக் கல்யாணம் ஆன ஸ்பைடர்மேனை 2007-ல் மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு பேரம் பேசவைத்து, அத்தையின் உயிருக்குப் பதிலாக அந்தக் கல்யாணமே நடக்காததாக்கினார்கள் பாருங்கள். மார்வெல்காரர்கள் அதை வழுத்திருத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள். வாசகர்களுக்கு அதுதான் வழு. நான் குணவழு பக்கம்.

ஞாயிறு இரவு, திருச்சியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இனி யோசிக்க நேரமில்லை. குணவழு என்று போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘பாத்திரத்தின் இயல்புக்கு ஒவ்வாமல் எழுதிவிடுவது’ என்று ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். கோபிக், பேரலாக்ஸ் வகையறாவுக்கு வழுவமைதி. தஞ்சை ஐயா மன்னிக்கவேண்டும், ‘பண்புவழு’ என்றால் பண்பு கெட்டவன் என்று படிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. கேப்டனுக்கு அது பொருந்தும், ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கருக்குப் பொருந்தாது.

ஞாயிறு இரவு, தஞ்சையிலிருந்து:

மன்னிப்பெல்லாம் எதற்கு மகளே. அச்சில் வரட்டும். நான் பாடழிவு என்றே எழுதுவேன்.

திங்கள் காலை, சிங்கப்பூரிலிருந்து:

என் வாக்கு இயல்புப் பிறழ்வுக்கே என்பது குறிப்பில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு வந்தால் மறுபடி பேசுவோம். ஹாங்க் பிம் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.